மார்க் போடாத கேள்வி

புத்தூர்
14.8.2005

அன்புத் தம்பி ஹரிபாபுவுக்கு,

அக்கா சுலோசனா எழுதுவது. அமெரிக்காவில் நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போனில் என்றால் குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

திருப்பதியில் நைனாவைக் காட்டுகிற ஆஸ்பத்திரியிலிருந்து, நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி நேற்று வீட்டுக்கு வந்தாள். வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அளந்து பார்க்கிறார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். காக்க வைத்ததற்கு இரண்டு போட்டேன். அடுத்து, நோயைப் பற்றி டாக்டர் விளக்கியது போதுமா என்றாள். எந்த நோய் என்று கேட்டேன். கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் மெதுவாக, 'மதிமருப்பு' என்றாள். மறதி வியாதியாம். போகப் போக அதிகமாகுமாம், குணமாகாதாம். மகனுக்குப் போனில் சொல்லியாயிற்று என்று டாக்டர் சங்கராந்தி சமயத்திலேயே எழுதி வைத்திருக்கிறாராம்.

அன்றைக்கு டாக்டர் உன்னோடு போனில் இங்கிலீஷில் பேசியபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, வயசுதான் அக்கா, வேறொன்றுமில்லை என்றாய். நான் கவலைப்படுவேன் என்று மறைத்தாயா, இல்லை, நைனாவை உன் தலையில் கட்டிவிடுவேன் என்று பயந்தாயா?

இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயாது, அதற்குள் எதிர்வீட்டுச் செங்கம்மாவிடம் போய், 'எம் பொண்ணு எனக்கு சோறே போடறதில்ல' என்பார். வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறார் என்று நினைத்தேன். 'இப்பதானே துன்னே நைனா, ஏன் பொய் சொல்லிக்கினு கீறே' என்று தெருவில் நிற்க வைத்துக் கத்தினேன். அவர் பயந்துபோய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டார். வியாதி என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் கத்தியிருப்பேனா? அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு, அந்த டாக்டருக்கும் உண்டு.

டாக்டர் விளக்கியது போதுமா என்ற கேள்விக்கு மார்க் போட மாட்டேன் என்று அந்த நர்சிங் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு ஊட்டிவிட்டு, துணி மாற்றி, ராத்திரி வெளியே போய்விடாமல் கதவுக்குக் குறுக்கே படுப்பவள் யாரோ அவள் முகத்தைப் பார்த்து டாக்டரைப் பேசச் சொல், தெலுங்கானாலும் சரி, தமிழானாலும் சரி என்றேன். இந்த மாசக் கடைசியில் நானே டாக்டரிடம் போகிறேன். நீ முந்திக்கொண்டு அவருக்குப் போன் செய்யாதே.

நைனாவை நான்தான் பார்த்துக்கொள்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வேளாவேளைக்கு ஊட்டுகிற என் பேர் அவருக்குப் போய்விட்டது. நாலைந்து நாளாக, யாரும்மா நீ என்கிறார். ஹரி எப்போது வருவான் என்று மட்டும் விடாமல் கேட்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்: உன் பேர் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்போதே வந்துவிடு.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சுலோசனா