யார் கை முழம்?

என் அருமை அண்ணனுக்கு,

நீ போன பிறகு இரண்டு போகம் வெங்காயம் எடுத்தாகிவிட்டது. உன்னிடம் சொல்ல நல்ல சேதி ஒன்றும் இல்லை.

எங்கள் கிணறு நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுக் கிணறு. ஒருவர் இறைத்தால் மற்றவருக்கு எத்தனை முழம் தண்ணீர் விட்டுவைப்பது என்று தொடங்கிய தகராறு, யார் கை முழம் என்பதில் வந்து நின்றது. மூத்தாருக்குக் கை நீளம். இருவரும் முகம் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

நீ கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன். பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞான மாநாடுகள் என்றால் உனக்குப் பைத்தியம். சண்டை போட்டு ஓய்ந்த பிரான்சும் ஜெர்மனியும் பாரிசில் ஒன்றாக உட்கார்ந்து மீட்டர் என்ற பொது அளவுக்குக் கையெழுத்துப் போட்ட கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "எல்லையப் பத்திப் பேசக் கூப்பிட்டா எவனும் வரமாட்டான் தாயி. அளவப் பத்திப் பேசக் கூப்பிடு, வருவான். மத்ததெல்லாம் விருந்துல பேசிக்குவான்" என்பாய்.

அதையே எங்கள் கிணற்றடியில் செய்து பார்த்தாய். திண்டுக்கல் கடைக்குப் புதிதாக வந்திருந்த மீட்டர் நாடாவை வாங்கிவந்து, "இது ஒங்க கையுமில்ல, மாப்ள கையுமில்ல" என்றாய். மூத்தார் சிரித்துவிட்டார். இதற்குக் கீழே தண்ணீரை இறைக்கக் கூடாது என்று கிணற்றுச் சுவரில் கோடு போட்டீர்கள். அன்று இருவரும் அடுத்தடுத்த இலையில் சாப்பிட்டார்கள். "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைம்மா" என்று மூத்தார் என்னிடம் பொரியல் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ உயிரோடு இருந்தவரை மாதம் ஒருநாள் அந்த விருந்து நடந்தது. இப்போது கோடு மட்டும் இருக்கிறது. முழக் கணக்கில் சண்டை போட்டவர்கள் சென்டிமீட்டர் கணக்கில் போடுகிறார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போய்விட்டது; இரண்டு வக்கீல்களும் உன் கோட்டைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

நீ விட்டுப்போன சரித்திரப் புத்தகத்தில் மீதிப் பக்கங்களையும் படித்தேன், அண்ணா. கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு அதே மீட்டரில் பீரங்கிக்குத் தூரம் அளந்தார்களாமே. அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? உனக்கே அதை நினைக்கப் பிடிக்கவில்லையா?

நேற்று இவரிடம், "பொங்கலுக்கு மூத்தார் வீட்டைக் கூப்புடுவமா?" என்று கேட்டேன்.

"தீர்ப்பு வரட்டும், பாக்கலாம்" என்றார்.

தீர்ப்பு வந்த பிறகு தோற்றவர் எப்படி வருவார்?

அவர்கள் சேருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பொங்கலன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே இலைகளை அடுத்தடுத்துப் போடுவேன். அன்றைக்கு அரிசியை மட்டும் அளக்கமாட்டேன்.

நீ அகரத்தில் கட்டிக்கொடுத்த
உன் தங்கச்சி