தேய்த்த சட்டையை மறுபடி கசக்கியவளுக்கு

கஞ்சி போட்ட பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சோறு வடிக்கிற வாசனை ஒன்று கிளம்பும். இன்று காலை அந்த வாசனை வந்ததும் தலையைத் தூக்கி எதிர்வீட்டு வாசலைப் பார்த்தேன். துணி மூட்டையோடு நீ வருவாய் என்று பார்த்தேன். வரமாட்டாய் என்று தெரிந்தும் பார்த்தேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நானேதான் எழுதுகிறேன், அம்மா. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. ஒரு வரி எழுதுகிற நேரத்தில் ஒரு வேட்டியைத் தேய்த்து மடித்துவிடலாம். பரவாயில்லை. ஊர் வேட்டிகள் காத்திருக்கட்டும்.

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நீ. செங்கம் சாலையில் என் தள்ளுவண்டிக்கு நேர் எதிரே அந்த வீடு. உன் அண்ணனுக்கு மளிகைக் கடை. அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போடுவது உன் வேலை. தமிழில் படித்து வாங்கிய பி.ஏ. பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. சென்னைக்குப் போய்ச் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. முதல் வருடம் எழுதி, இங்கிலீஷ் பகுதியில் விழுந்தாய்.

"ஒரு தடவை எழுதின, ஊத்திக்கிச்சு. இனிமேலாவது அடங்கி இரு" என்று உன் அண்ணன் சொன்னது என் வண்டி வரைக்கும் கேட்டது. அந்த இங்கிலீஷைத் தாண்டாவிட்டால் அந்த அடுப்படிதான் உனக்கு ஆயுசுக்கும் என்று எனக்கே புரிந்தது. அடுத்த வருடமும் எழுதுவதாக நீ முடிவு செய்திருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, துணியால்.

முந்தைய நாள் நான் மடித்துக் கொடுத்த அதே சட்டைகளை மறுநாள் மூட்டையாகக் கொண்டு வந்தாய். பிரித்துப் பார்த்தேன். யாரும் போட்ட சட்டை இல்லை. கையால் கசக்கிய சுருக்கம்.

"இன்னாம்மா இது? நேத்து தேய்ச்சதுதானே?"

"மறுபடியும் தேய்ங்க நைனா. நீங்க தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் நான் இங்க நிக்கணும். வீட்ல சத்தம் போட்டுப் படிச்சா அண்ணி சிரிக்கிறாங்க."

மூட்டைக்குள் சட்டைகளுக்கு நடுவே புத்தகம் இருந்தது. அன்றுமுதல் கசக்கின சட்டைக்கு நான் கூலி வாங்கவில்லை. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? 'நீங்க, வாங்க' என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை நீதான் நிறுத்தினாய். "அப்பா மாதிரி நைனான்னு கூப்பிடறேன், என்னைப் போய் நீங்கன்றீங்களே" என்றாய்.

புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பெரிய பத்தி இருக்கும். அதை இங்கிலீஷில் சத்தமாகப் படிப்பாய். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்வாய். கீழே கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில், அதில் ஒன்று சரி. நானும் ஒன்றைச் சொல்வேன். என் பதில் பெரும்பாலும் தப்பு. வேடிக்கை என்னவென்றால், உன் பதிலும் அதே தப்பு.

கம்மியான பொருளோடு வாழ்கிறவர்கள்தான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொன்னது? இங்க வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லு அவனை. அப்புறம் சொல்லட்டும் சந்தோஷத்தை."

"அவன் வரமாட்டான் நைனா. அவன் எந்த ஊர்ல இருக்கானோ."

"அப்போ எதுக்கு நம்ம விஷயத்தை எழுதறான்?"

நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். இன்னொரு நாள், பட்டணத்துக்குப் போகிறவர்கள் தங்கள் ஊருக்கும் பிரயோசனம் இல்லாமல் பட்டணத்துக்கும் பாரமாகிறார்கள் என்று ஒரு பத்தி. அன்று உனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவர் எதை ஒத்துக்கொள்வார் என்பது கேள்வி. நான் மூன்றாவது பதில் என்றேன். பட்டணம் போனால் மனிதர் முன்னேறுவார் என்பது அந்தப் பதில்.

"நானும் மூணாவதுதான் போட்டேன். புக்குல முதல் பதில்தான் சரின்னு போட்டிருக்குது."

"அப்போ புக்கு தப்பு."

"புக்கு தப்புதான் நைனா. ஆனா மார்க்கு போடறவன் அவன் பக்கம் இருக்கான்."

அப்படிச் சொல்லிவிட்டு அப்படியே நின்றாய். சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே உன்னைப் பார்த்தேன். போன வருடம் ஏன் விழுந்தாய் என்று அப்போதுதான் உனக்குப் புரிந்திருக்கிறது. உனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. பத்தியை எழுதியவன் என்ன சொன்னான் என்று கேட்டால், அவனுக்கு நீ என்ன சொல்வாய் என்பதையே பதிலாகப் போட்டு வந்திருக்கிறாய். பக்கத்தில் நான் ஒருத்தன் அதையே செய்து வாய்ச்சண்டை போட்டதைப் பார்த்தபிறகுதான் அது உன் கண்ணில் பட்டது.

"ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் அவன் சொல்றதை அவன் சொன்னபடி கேட்டுக்கறேன் நைனா. அதுக்கப்புறம் வாழ்க்கை பூரா நான் சொல்றதை எல்லாரும் கேக்கட்டும்."

எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைப்போல ஒன்றை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நீ மாறினாய். நான் மாறவில்லை. நான் பத்தியோடு சண்டை போடுவேன். நீ என் பதிலைக் கேட்டு, "அப்போ இது இல்ல" என்று அதை அடித்துவிட்டு மீதி மூன்றில் தேடுவாய். தப்பான பதிலைக் காட்டிக் கொடுக்க நான் நன்றாகப் பயன்பட்டேன். ஒரு நாள் எனக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்தாய், 'ஆப்ஸ்டினேட்' என்று. பிடிவாதக்காரன் என்று அர்த்தமாம். நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று கேட்டேன். "சொல்றவங்களைப் பொறுத்து. நான் சொன்னா நல்ல வார்த்தை" என்றாய்.

இதற்கிடையில் உன் அண்ணனுக்கு ஊரில் ஒரு பெருமை வந்தது. மளிகைக் கடைக்காரர் சட்டையில் மடிப்பு கலைந்து பார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் துணி எத்தனை சூடு தாங்கும்? காலர் பளபளத்தது, கை மடிப்பு நைந்து கிழிந்தது. ஒரு சாயங்காலம் கிழிந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். நீ புத்தகத்தோடு என் பக்கத்தில் நின்றிருந்தாய்.

"யோவ் பெருசு, என் சட்டையை வாரத்துக்கு எத்தினி தடவை தேய்க்கிற?"

"கொடுக்கறப்பல்லாம் தேய்க்கிறேன்."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "இதுக்குத்தானா? முப்பது வயசுக்கு மேல காலேஜு கேக்குதா உனக்கு? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்ணா. பரீட்சைக்குப் பணம் கட்டிட்டேன். எழுதத்தான் போறேன்."

"பெயிலானா?"

"பெயிலானா வந்து உனக்கே சோறாக்கிப் போடறேன். அதுவரைக்கும் என்னை விடு."

அழுவாய் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாய், நடுரோட்டில், இங்கிலீஷில். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா தன் துணி வாங்க வந்தவள், அவளும் நின்று கேட்டாள். நீ பத்தியை முடித்ததும் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் துணியைக் கேட்டாள். உன் அண்ணன் கிழிந்த சட்டையோடு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அப்படி ஒரு படிப்பைக் கேட்டதில்லை.

தேர்வு எழுதித் திரும்பிய அன்று பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வண்டிக்குத்தான் வந்தாய். "வாயை மூடிக்கினு, அவன் சொன்னதை அவன் சொன்னதாவே போட்டுட்டு வந்தேன் நைனா. நாக்குதான் அரிச்சுது" என்றாய். இடம் கிடைத்தது. நீ கிளம்பும்போது உன் புடவைகளைத் தேய்த்துக் கொடுத்தேன். உன் சொந்தத் துணியை நான் தேய்த்தது அதுதான் முதல் தடவை.

படித்து முடித்து, வந்தவாசிப் பக்கம் பெண்களுக்காக வேலை பார்த்தாய். ஜீப்பில் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வண்டிக்கருகே நிறுத்தி, பேப்பர் படித்துக் காட்டுவாய். நான் அதோடும் சண்டை போடுவேன். "நீங்களே படிக்கக் கத்துக்கங்களேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். "நீ படி, நான் சண்டை போடறேன். வேலையைப் பிரிச்சுக்கலாம்" என்பேன்.

நோய் உன்னை இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகும் என்று யார் நினைத்தார்கள்? உன்னை அண்ணன் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மறுநாள் அரிசி மில் சுவரில் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தைச் சுற்றி நிறைய எழுத்து. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, உன் படிப்பு, உன் வேலை எல்லாம் இருக்கும் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நீ போனபிறகு பேப்பரோடு சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எழுபது தாண்டியவனுக்கு எழுத்து எதற்கு என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களின் கடைப் பலகையைத்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

போன வாரம் உன் வருஷ நினைவு. மறுபடி போஸ்டர். இந்தத் தடவை சுவருக்கு முன்னால் நின்று நானே படித்தேன். கண்ணீர் அஞ்சலி. முதலாம் ஆண்டு. உன் பெயர். அதற்குக் கீழே, மளிகைக் கடை உரிமையாளர் இன்னார் அவர்களின் அன்புத் தங்கை. அவ்வளவுதான். உன் படிப்பு இருக்கும் என்று உன் பெயருக்குப் பின்னால் தேடினேன். இல்லை. அதற்கும் கீழே துயரத்தில் வாடுவோர் பட்டியல். உன் அண்ணன் மகனுக்கு பி.இ. இருந்தது. மருமகளுக்கு எம்.சி.ஏ. இருந்தது. இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பேரனுக்குக்கூட அவன் வகுப்பைப் போட்டிருந்தார்கள். உனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

போன வருடம் கும்பிட்ட போஸ்டரிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நேரே கடைக்குப் போய் ஒரு தடித்த மார்க்கர் பேனா கேட்டேன். "பேரனுக்கா தாத்தா?" என்றான் கடைக்காரன். "எனக்குதான்டா" என்றேன். வந்து, உன் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் எழுதினேன். எம். எஸ். டபிள்யூ. கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்து போஸ்டரைத் தாண்டிச் சுவருக்கு வந்துவிட்டது. அழிக்கவில்லை.

சாயங்காலம் நான் அந்தச் சுவரருகே நின்றிருந்தபோது உன் அண்ணன் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, அம்மா. கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

"எவன்யா அது போஸ்டர்ல கிறுக்கினது?"

"கிறுக்கல. எழுதினேன்."

"நீயா? உனக்கு எப்போ எழுத வந்துச்சு?"

"வந்துச்சு. நீ ஏன் அவ பட்டத்தை விட்ட?"

"பிரஸ்காரன் இடம் இல்லன்னான்" என்றார்.

"உன் கடை பேர் போட இடம் இருந்துதே."

அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊர்ல எங்கெங்க ஒட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துலயும் எழுதணும்."

அவர் தடுக்கவில்லை. போகும்போது, "தேரடியில ரெண்டு, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒண்ணு" என்று மட்டும் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அடி அண்ணாமலைப் பக்கம் ஒட்டியதை அவர் சொல்லவில்லை. நானே தேடிப் பிடித்தேன்.

எழுதி முடித்துப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். மூடியைச் சரியாகப் போடவில்லை போல. மை கசிந்து, நெஞ்சுக்கு நேரே ஒரு கறுப்புக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும், கொடுங்கள் என்று என் மருமகள் கேட்கிறாள். ஊர்ச் சட்டையை எல்லாம் ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துக் கொடுக்கிறவன், வண்டியில் இந்தச் சட்டையோடுதான் நிற்கிறேன். என்ன கறை என்று கேட்கிறவர்களுக்கு உன் பெயரைச் சொல்கிறேன், பட்டத்தோடு சேர்த்து.