ஒன்பதாவது முத்திரை

மச்சான்,

ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதையொன்றை எழுதப்போகிறேன், இது சத்தியம். கேட்டுக் கேட்டு உனக்கே புளித்ததுதான். ஆனால் நேற்று நீ போன முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவி நின்றபோது, உன் மனிசி அந்த முத்திரைப் புத்தகத்தைக் கொண்டுவந்தா. "அண்ணை, இது உங்களுக்குத்தான் விளங்கும்." திறந்தேன். அதே சிவப்பு மை மணம்.

யப்பானின் வடக்கே நாங்கள் இருவரும் சுற்றப்போன ஒற்றைப் பெட்டி றெயில், ஒன்பது ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, அதில் அந்த ஊருக்கென்றே வெட்டிய இறப்பர் முத்திரை. றெயிலில் வந்திறங்கித்தான் குத்தவேண்டும், காரில் வந்து குத்தினால் களவு என்பது உன் சட்டம். கிளென் வேவர்லியில் றெயில் முடிகிற இடமாகப் பார்த்து வீடு வாங்கிய பைத்தியமல்லவா நீ!

மூன்று நாள் உன் பிரசங்கம். "நிலக்கரிக்குப் போட்ட பாதையடா. சுரங்கத்தை மூடினாப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்காக ஓடுது." எட்டாவது ஸ்டேஷன் வர, உன் மூக்குக்கண்ணாடி பனிப்புகார் பிடித்து மங்கிவிட்டது. நேர அட்டவணையை என் கையில் தந்தாய்.

"எவ்வளவு நேரம் நிக்குமடா?"

"பத்து நிமிஷம். ஆறுதலாக் குத்து."

ஒரு நிமிஷத்தில் றெயில் வெளிக்கிட்டது. நீ புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடிவந்தாய். நான் மகாராணி மாதிரிக் கை காட்டினேன்.

கடைசி ஸ்டேஷனில் சூடாக நூடில்ஸ் குடித்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்தேன். அடுத்த றெயிலில் நீ வந்திறங்கியபோது உதடு நீலம், முத்திரை அறை பூட்டு. விடிய விமானம். "பரவாயில்லையடா, முத்திரை எங்கை போகப்போகுது?" என்றாய்.

அடுத்த வருஷமே பாதையை மூடி பஸ் விட்டார்கள். நீ றெயில் கம்பனிக்கு எழுதிக் கேட்டாய். மிக மரியாதையாகப் பதில் வந்தது: றெயில் வராத ஸ்டேஷனுக்கு முத்திரை இல்லை.

அதன்பிறகு எத்தனை பிறந்தநாள் விழாக்களில் இந்தக் கதையை விற்றேன்! பனி இரண்டு தென்னை உயரம். றெயில் ஓட்டினவருக்கு நூற்றியெட்டு வயது. என் கண்ணாடியில் ஐஸ் உறைந்து, ஒன்று பத்தாகத் தெரிந்தது. எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள், நீயும்தான். ஆஸ்பத்திரியில்கூட, "அந்த றெயில் கதையைச் சொல்லடா" என்றாய். புதிதாக ஒரு கரடியையும் சேர்த்துச் சொன்னேன்.

நேற்றுத்தான் ஒன்பதாவது பக்கத்தைப் பார்த்தேன். முத்திரைக்கு விட்ட வட்டத்துக்குள் உன் கையெழுத்து: "இவன் அவசரத்தில பிழையா வாசிச்சுப்போட்டான். பாவம், இதைப்பற்றி அவனிட்டைக் கேக்கக்கூடாது."

புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. மூடி வைத்தாலும் மணக்கிறது.

தென்னை உயரப் பனி பொய். கிழவர் பொய், கரடி பொய், கண்ணாடி ஐஸும் பொய். மூன்று நாள் நீ ஒருவனே பேசினாய், உன் முகம் போகிற போக்கை ஒருதரம் பார்க்க ஆசைப்பட்டேன். முழுக்கதையிலும் ஒரு சின்னத் துண்டுதான் உண்மை, அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை: அட்டவணையில் ஒரு நிமிஷம் என்றிருந்தது. அதை நான் சரியாகத்தான் வாசித்தேன்.