வாசித்தவர் பெயர்

மரக்காணம்,
ஞாயிறு

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சவூதியில், தம்மாமில் நலமாக இருக்க மாமியும் நானும் துஆ செய்கிறோம்.

"பாட்டு ஆல்பம் வரட்டும், உன் பேரு வேணாம். உன் தம்பி முபாரக் பேரப் போட்டுடு. இங்க ரூம்ல கூட இருக்கறவங்க என்ன பேசுவாங்க?" என்று போனில் சொன்னீர்கள். அன்று மாமி பக்கத்தில் இருந்ததால் பதிலை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை முபாரக்கிடம் சொன்னேன். முதல் பாட்டு ஏழு தட்டில் போகிறது, எண்ணிக் காட்டு என்றேன். நாலில் நின்றுவிட்டு, "மிச்சம் மூணு எதுக்குக்கா?" என்றான்.

கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் நான்கையும் நம் பின்னறையில் நானேதான் வாசித்துப் பதிவு செய்தேன். உப்பளக் காற்றில் கிடார் கம்பிகள் மாதம் இரண்டு முறை துருப்பிடித்தன. மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பாட்டில் டிரம்ஸ் வேகமெடுத்த நேரம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. பழக்கத்தில் கை தானாக நின்றது. பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். பாட்டிலும் அந்த இடத்தில் சில விநாடி மௌனம் வைத்திருக்கிறேன். மாமி கேட்டுவிட்டு, "நடுவுல கரண்டு போச்சாம்மா?" என்றார்கள். என் பெயரைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆல்பத்தை வெளியிட்டுவிட்டேன். வாசித்தவர் என்ற இடத்தில் நான்கு கருவிகளுக்கும் என் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றப்போவதில்லை.

ரூமில் யாராவது கேட்டால், இந்தப் பெண்ணைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளுங்கள். அதைத் தாங்கிக்கொள்வேன். முபாரக் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி