எதிர்க் கதிரை

என் அன்பான உமக்கு,

நான் ஒன்லைன் போக்கரில் கொஞ்சம் தேறிவிட்டேன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு டொலர் கட்டி ஆடும் சின்னப் போட்டிகள்தான், பயப்படாதேயும்.

தொடக்கத்தில் ஏன் தோற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. நம்முடைய மகள் நிரூபா வந்திருந்தபோது பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, உது 304 இல்லை. எதிரில இருக்கிறவர் உங்கட ஆளில்லை. ஏன் அவரை மட்டும் அடிக்காமல் விடுறியள்?"

உண்மைதான். நாலுபேர் ஆடும் 304 சீட்டாட்டத்தில் எதிரே இருப்பவர்தானே கூட்டாளி. இத்தனை வருடமும் அங்கே நீர் இருந்த பழக்கம். திரையில் எதிரே இருப்பவர் பந்தயத்தை ஏற்றினால், நல்ல சீட்டையும் மடக்கி வைத்துவிட்டு விலகிவிடுவேன். இப்போது மடக்குவதில்லை. போன சனிக்கிழமை மூன்றாவதாக வந்தேன்.

போக்கரில் ஒரு வசதி. ஒருவர் தோற்று எழும்பினால், வேறு மேசையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் இருத்திவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் 304 ஆடப் போகும் தவராசா அண்ணை வீட்டுக்கு இன்னும் போகிறேன். எனக்கு எதிரே தன் மைத்துனரை இருத்தப் பார்த்தார். "வேண்டாம் அண்ணை, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன். தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பேரனை வளர்க்கவென்று நீர் அஜின்கோர்ட்டில் நிரூபா வீட்டுக்குப் போனீர்; அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம். சந்தோஷம்.

உம்முடைய குளிர் ஜக்கெட் இங்கேதான் தொங்குகிறது. நிரூபாவிடம் கொடுத்துவிடவா? குளிர் தொடங்கிவிட்டது. அது இங்கேயே இருக்கட்டும் என்றாலும் எனக்குச் சரி.

இப்படிக்கு,
உமக்கு எதிரே இருந்தவன்