ஒத்துக்கொள்ளாத நீலம்

சனிக்கிழமை. மழை.



எங்கள் நகைக்கடையில் நீலக்கல் மோதிரம் வாங்குகிறவர்கள் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பார்கள். கெட்டது ஏதாவது நடந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பித் தரலாம். போன சனிக்கிழமை வாங்கிப்போன தக்கலைக்காரன் இன்று மனைவியோடு வந்தான். அவள் கன்னத்தில் தையல். அவன் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தான்.

“கல்லு ஒத்துக்கல்ல மேடம். இதப் போட்டதுலேருந்து கோவம் நிக்கமாட்டேங்கு. இவள என்ன செஞ்சு வச்சிருக்கேன், பாத்தியளா?”

“நீலம் அப்படித்தான், சிலருக்கு ஆவாது” என்றார் முதலாளி.

கல்லைப் பிடித்திருந்த கம்பிகளுக்குள் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். “போன வருசம் எங் கைய ஒடிச்சப்ப எந்தக் கல்லு போட்டிருந்திய?”

அறைந்தான். தையல் பிரிந்து ரத்தம் கண்ணாடி மேசையில் தெறித்தது. அவன் விரலில் கல் இல்லை. அது என் உள்ளங்கையில் இருந்தது. நகைத்தட்டை எடுத்து அவன் முழங்கையில் ஓங்கி அடித்தேன். அலறினான். இன்னொரு தடவையும் அடித்தேன்.

“ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?” முதலாளி என்னைத்தான் பிடித்து இழுத்தார்.

அவர்கள் போனபிறகு மோதிரத்தைப் பிரஷ் போட்டுக் கழுவினேன். சாயங்காலம் ஒரு அம்மா வரப்போகிற மாப்பிள்ளைக்காக அதையே எடுத்தார். விளக்கடியில் அந்த நீலத்தை விட்டு எனக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. “ஒத்துக்கலேன்னா திருப்பித் தரலாம்” என்று என் வாய் தானாகச் சொன்னது.

பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது.