நாற்பத்திரண்டு கேள்விகளுக்கு உண்மையான பதில்

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். இங்கே மூவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் இல்லை என்று தினமும் முனகுகிறது. நீ நலம் என்கிறாய், குரல் கம்மலாக இருப்பதால் நான் பாதிதான் நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை யார் யார் கேட்கிறார்களோ, அதனால்தான் கடிதம்.

உன் படிப்பின் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான். வியாபாரம் ஒரு படிப்பு, கம்ப்யூட்டர் ஒரு படிப்பு, இரண்டையும் கலந்து இரண்டே வருஷத்தில் முதுகலைப் பட்டம் என்றால் எப்படி நம்புவது? நம் ஹார்டுவேர் கடையில் இரண்டு பெயின்டைக் கலந்தால் சில நேரம் புதுக் கலர் வரும், சில நேரம் சேறு வரும். அப்புறம் ப்ராஜெக்ட் என்று நாற்பத்திரண்டு கேள்வி அனுப்பினாய். எந்தச் சரக்கு எந்தக் கிழமை அதிகம் போகும், யாரிடம் வாங்குகிறோம், எப்போது ஆர்டர் போடுகிறோம் என்று. இருபது வருஷமாக நான் வாய் திறக்காத விஷயங்கள். அதே வாரம் பூட்டிக் கிடந்த எதிர்க் கடையின் ஷட்டரைத் தூக்கி இரண்டு பேர் டேப் வைத்து அளந்தார்கள். ஒருவன் நம் கடையைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டான். உன் காலேஜ் கேட்கும், இவன் கடை போடுவான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெற்ற பெண்ணையே சந்தேகப்படுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று அம்மா கேட்டாள். உன்னை இல்லையம்மா, உன் காகிதம் போய்ச் சேருகிற இடத்தைத்தான்.

அதனால் பதிலை மாற்றிச் சொன்னேன். சனிக்கிழமை போகிற பெயின்டைத் திங்கட்கிழமை என்றேன். மழைக்கு முன்னால் வாங்குகிற குழாயை மழைக்குப் பிறகு என்றேன். தங்கச்சி பொய் எழுத மாட்டேன் என்று பேனாவை மூடினாள், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். போன வாரம் நீ போன் செய்து, அதை வைத்தே கம்ப்யூட்டரில் ஒன்று செய்துவிட்டேன், எப்போது என்ன வாங்க வேண்டும் என்று அதுவே சொல்லும், பத்தாம் தேதி ஆசிரியர்கள் முன்னால் காட்டப்போகிறேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பது டப்பா பெயின்ட் வாங்கி வைக்கச் சொல்கிறது என்று ஆசையாகப் படித்துக் காட்டினாய். நான் சரி சரி என்றேன். நேற்று எதிர்க் கடையில் போர்டு மாட்டினார்கள். பல் ஆஸ்பத்திரி.

உண்மையான பதில்களைத் தனித் தாளில் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றிவிடு. யாராவது கேட்டால் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றே சொல், என் மரியாதையைப் பார்க்காதே. கடைசிக் கேள்வி, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள் என்று. யாரையும் இல்லை என்று எழுதச் சொன்னேன், அதுவும் பொய். போன மாதம் அங்கே யாராவது வீட்டுக்கு ஆரஞ்சு கலர் அடிக்கிறார்களா என்று சும்மா கேட்டேனே, சும்மா இல்லை. நீ இல்லை என்றாய், அன்றே ஆர்டரை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். (அக்கா, இதைச் சொல்லும்போது அப்பா சுத்தமாக இருக்கிற தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.) அந்த ஒரு பதிலை மட்டும் உன் ஆசிரியர்களுக்குக் காட்டாதே.

நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உறை பிரிந்த மாதிரி இருந்தால் உடனே சொல்.

உன் அப்பா